லூசிஞான் வீட்டு மாப்பிள்ளைகள்

பிரான்சின் பெரி நாட்டுப் பிரபு ழானுக்காக 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லிம்பூர் சகோதரர்கள் ஒரு பிரார்த்தனை நூலுக்குச் சித்திரங்கள் தீட்டினார்கள். மாதத்துக்கு ஒரு படம். மார்ச் மாதப் படத்தில் ஒரு வயசாளி காளைகளைப் பூட்டி உழுதுகொண்டிருக்கிறார்; பின்னால் வெள்ளைக் கோட்டை ஒன்று எழுந்து நிற்கிறது. அதன் கோபுரத்துக்கு மேலே பொன்னிறத்தில் சிறகுள்ள ஒரு பாம்பு பறக்கிறது. அந்தக் கோட்டையின் பெயர் லூசிஞான். பறப்பவள் மெலுசீன், அந்தக் குடும்பத்தின் குலமுதல்வி.

மெலுசீன் கதை நம் ஊர்ப் பாட்டிமார் கதைகளுக்கு ஒன்றுவிட்ட சகோதரி. கானகத்து ஊற்றருகே ஒரு வீரன் அழகி ஒருத்தியைக் காண்கிறான். மணந்துகொள்ளச் சம்மதிக்கிறாள், ஒரு நிபந்தனையோடு: சனிக்கிழமைகளில் தன்னைப் பார்க்கக் கூடாது. அவள் வந்த பிறகு கோட்டைகள் எழுகின்றன, செல்வம் கொழிக்கிறது, பிள்ளைகள் பெருகுகின்றன. ஒரு சனிக்கிழமை கணவன் கதவிடுக்கில் கண் வைக்கிறான். குளியல் தொட்டியில் மனைவி; இடுப்புக்குக் கீழே பாம்பின் வால். நிபந்தனை முறிந்ததும் அவள் சிறகு விரித்துப் பறந்துவிடுகிறாள். ழான் தாராஸ் என்பவர் இதை 1393 வாக்கில் உரைநடையாக எழுதினார். எழுதச் சொன்னவர் அதே பெரி பிரபு. லூசிஞான் கோட்டை அப்போது அவர் கையில் இருந்தது, ஆங்கிலேயரிடமிருந்து மீட்டிருந்தார். பிடித்த கோட்டைக்கு உரிமை கொண்டாட ஒரு பழங்கதை தேவைப்பட்டது என்றும் சொல்லலாம்.

கதையின் சாரத்தைக் கவனியுங்கள்: குடும்பத்துக்கு எல்லாமே ஒரு திருமணத்தால் வந்தது. கற்பனையில் பிறந்த அந்தச் செய்தியை வரலாறு வரிக்கு வரி மெய்யாக்கிக் காட்டியது. லூசிஞான்கள் வாளால் வென்ற நாடு என்று எதுவும் நிலைக்கவில்லை. மாப்பிள்ளைகளாகப் போன இடத்தில்தான் அரசர்கள் ஆனார்கள். பறிபோன ஒரு பெண்ணுக்காக ஒரு பேரரசையே கவிழ்த்தார்கள். கடைசியில், தாங்கள் செய்துகொண்ட ஒரு திருமணத்தாலேயே ராஜ்யத்தைத் தொலைத்தார்கள்.

மேற்குப் பிரான்சில் புவாத்து என்றொரு நாடு. அதன் தலைநகரான புவாத்தியேவுக்குத் தென்மேற்கே, 25 கிலோமீட்டர் தொலைவில் லூசிஞான் ஊர். 10ஆம் நூற்றாண்டில் வேட்டைக்காரன் என்ற பட்டப்பெயரோடு ஒரு ஹ்யூ அங்கே தலையெடுத்தான். அவனுக்குப் பின் இரண்டாம் ஹ்யூ, மூன்றாம் ஹ்யூ என்று பதின்மூன்று ஹ்யூக்கள். பெயர் வைப்பதில் அவர்களுக்குக் கற்பனை போதாது. சண்டை இழுப்பதில் அந்தக் குறை இல்லை. 1168இல் இங்கிலாந்து அரசி எலினோர் அந்தப் பக்கமாகப் போனபோது லூசிஞான்கள் பதுங்கியிருந்து தாக்கினார்கள். பாதுகாப்புக்குப் போன சால்ஸ்பரி கோமகன் பாட்ரிக் அதில் கொல்லப்பட்டார். அவருடைய சகோதரி மகன், அப்போது யாரும் அறியாத ஓர் இளைஞன், தொடையில் காயத்தோடு பிடிபட்டான். அரசி மீட்புப் பணம் கொடுத்து அவனை விடுவித்தாள். பிற்காலத்தில் இங்கிலாந்தின் ஆட்சிப் பொறுப்பாளராகவே உயர்ந்த வில்லியம் மார்ஷல்தான் அந்த இளைஞன். கோமகனைக் கொன்றதாக அடிபட்ட பெயர்களில் ஒன்று கீ, லூசிஞான் வீட்டு இளைய பிள்ளைகளில் ஒருவன்.

இளைய பிள்ளைகளின் நிலை அன்றைய பிரான்சில் சங்கடமானது. நிலம் மூத்தவனுக்கு. மற்றவர்கள் மடத்துக்குப் போகலாம், கூலிக்குப் போர் செய்யலாம், அல்லது கடல் கடந்து, சிலுவைப்போர் வீரர்கள் ஆண்ட ஜெருசலேமுக்குப் போகலாம். முதலில் போனவன் எமெரி. அங்கே படைத்தலைமைப் பதவி வரை ஏறினான். அவன் வழியில் தம்பி கீயும் போய்ச் சேர்ந்தான்.

ஜெருசலேமின் அரசன் நான்காம் பால்ட்வின் அப்போது தொழுநோயால் அழுகிக்கொண்டிருந்தான். வாரிசு அவன் தங்கையா அக்காவா என்ற குழப்பம் இல்லை. ஒரே வயிற்று உடன்பிறப்பு அக்கா சிபில்லாதான், இளம் விதவை. 1180இல் கீ அவளை மணந்தான். சொந்தமாக ஒரு காணி நிலம் இல்லாதவன் ஒரே நாளில் அரியணைக்கு அடுத்த படியில் நின்றான். அரண்மனைக்குப் பொறுக்கவில்லை. பால்ட்வினுக்கே மாப்பிள்ளை மேல் வெறுப்பு வந்து, திருமணத்தை ரத்துசெய்ய முயன்றான். 1186இல் சிபில்லாவுக்கு முடிசூட்டும் கட்டம் வந்தபோது பிரபுக்கள் விதித்த நிபந்தனை இது: கணவனை விலக்கிவிட்டு வா. அவள் சம்மதித்தாள். ஆனால் அடுத்த கணவனைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். முடி சூடியதும் கீயைக் கூப்பிட்டு, தன் கையாலேயே அவன் தலையில் கிரீடத்தை வைத்தாள். அந்த அவையில் இருந்த பிரபுக்களின் முகங்களைப் பார்த்திருக்க வேண்டும்.

செய்தி ஊருக்கு எட்டியபோது அண்ணன் ஜெஃப்ரி சொன்னதாக அந்தக் காலத்து வரலாற்றாசிரியர்கள் ஒன்றைப் பதிவுசெய்திருக்கிறார்கள்: தம்பியையே அரசனாக்கியவர்கள் தன்னைப் பார்த்திருந்தால் கடவுளாக்கியிருப்பார்களாம்.

ஜெஃப்ரியின் மதிப்பீடு தப்பவில்லை. 1187 ஜூலை 4. ஹத்தீன் குன்றுகளின் அடிவாரம். தண்ணீரில்லாத கோடை வெளியில் கீ தன் முழுப் படையையும் இழுத்துக்கொண்டு போய்ச் சுல்தான் சலாவுதீனிடம் ஒப்படைத்தான் என்றே சொல்ல வேண்டும். பிடிபட்ட அரசனுக்குச் சலாவுதீன் குளிர்ந்த நீர் கொடுத்தார். அவன் குடித்துவிட்டுப் பக்கத்திலிருந்த பிரபு ஷத்தியோன் ரெனோவிடம் கிண்ணத்தை நீட்டினான். விருந்தினனாக நீர் அருந்தியவனைக் கொல்லக் கூடாது என்பது அரபு மரபு. அவனுக்கு நான் தரவில்லையே என்று சொல்லிவிட்டு, வணிகக் கூட்டங்களைக் கொள்ளையடித்த பழைய கணக்குக்காக ரெனோவைச் சலாவுதீன் தன் கையாலேயே வெட்டினார். கீயை விட்டுவைத்தார். அக்டோபர் 2ஆம் தேதி ஜெருசலேம் சரணடைந்தது. ரிட்லி ஸ்காட்டின் ‘கிங்டம் ஆஃப் ஹெவன்’ படம் பார்த்தவர்களுக்குக் கீ என்றால் கண்ணை உருட்டும் வில்லன் நினைவுக்கு வருவான். அதில் கொஞ்சம் அநியாயம் உண்டு. விடுதலையான பிறகு, மிஞ்சிய சிறு படையோடு 1189இல் ஆக்கர் நகரை முற்றுகையிடத் துணிந்தவனும் இவனேதான். மூன்றாம் சிலுவைப்போர்ப் படைகள் வந்து சேர்வதற்கு ஒரு களம் கிடைத்ததே அதனால்தான்.

ஆனால் அந்த முற்றுகைப் பாசறையில் 1190இல் நோய் பரவி சிபில்லாவும் இரண்டு மகள்களும் இறந்துபோனார்கள். மனைவி போனதும் மாப்பிள்ளையின் அரசுரிமையும் ஆட்டம் கண்டது. பிரபுக்கள் வேறொருவனை அரசனாகத் தேர்ந்தெடுத்தார்கள். கீக்கு ஆறுதல் பரிசாகக் கிடைத்தது ஒரு தீவு.

சைப்ரஸ் அவன் கைக்கு வந்த விதம் சந்தைப் பேரம்போல இருக்கும். 1191 மே மாதம் இங்கிலாந்தின் ரிச்சர்டு, ஜெருசலேமுக்குப் போகிற வழியில், பைசாந்திய இளவரசன் ஒருவனிடமிருந்து தீவைப் பிடித்தான். வைத்து ஆள நேரமில்லை. டெம்ப்ளர் துறவு வீரர்களுக்கு 1,00,000 பெசண்ட் பொன்னுக்கு விற்றான், 40,000 முன்பணம். அடுத்த ஆண்டே நிகோசியா மக்கள் கிளர்ந்தெழ, டெம்ப்ளர்கள் சரக்கைத் திருப்பிக் கொடுக்க வந்தார்கள். நாடில்லாத அரசனாகத் திரிந்த கீ அதை வாங்கிக்கொண்டான். தீவைத் தக்கவைப்பது எப்படி என்று பழைய எதிரி சலாவுதீனிடமே யோசனை கேட்டானாம். எல்லாம் வேண்டுமென்றால் எல்லாவற்றையும் கொடுத்துவிடு என்று பதில் வந்ததாம். நம்ப வேண்டியதில்லை; ஆனால் கீ செய்தது அதைத்தான். நிலமிழந்த 300 குதிரை வீரர்களுக்கும் 200 படையாட்களுக்கும் நிலம் பிரித்துக் கொடுத்தான் என்கிறது ஒரு பழைய வரலாறு. 1194இல் அவன் செத்தபோது பட்டம் எமெரிக்குப் போனது. அண்ணன் தம்பியைவிடக் கெட்டிக்காரன். ஜெர்மானியப் பேரரசரிடம் சொல்லி 1197இல் சைப்ரஸுக்கு முறையான மணிமுடியே வாங்கிவிட்டான். பிறகு சிபில்லாவின் மாற்றாந்தாய் வயிற்றுத் தங்கை இசபெல்லாவை மணந்து, ஜெருசலேம் அரசன் என்ற பட்டத்தையும் சேர்த்துக்கொண்டான். அவளுக்கு இவன் நான்காவது கணவன். 1205இல் அளவுக்கு மீறி மீன் தின்று இறந்தான் என்கிறார்கள். இரண்டு கிரீடம் சுமந்தவனுக்கு அப்படி ஒரு முடிவு.

இதே ஆண்டுகளில் புவாத்துவில் ஒன்பதாம் ஹ்யூவுக்கு அங்கூலேம் நாட்டு வாரிசு இசபெல்லாவோடு நிச்சயமாகியிருந்தது. பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க பெண். அந்தத் திருமணம் நடந்திருந்தால் தென்மேற்குப் பிரான்சின் நடுவே லூசிஞான்களின் நிலம் ஒரே பட்டையாக நீண்டிருக்கும். இங்கிலாந்து அரசன் ஜானுக்கு அது ஆபத்தாகப் பட்டது. 1200 ஆகஸ்ட்டில் தானே பெண்ணைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். அத்தோடு ஓர் ஈடு கொடுத்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். கொடுக்கவில்லை. லூசிஞான்கள் ஜானின் மேலாளான பிரெஞ்சு அரசன் பிலிப்பிடம் முறையிட்டார்கள். பிரான்சில் இருந்த நிலங்களுக்கு ஜான் பிலிப்பின் கீழ்ப்பட்ட பிரபுதான் என்பதால் சம்மன் போனது. ஜான் வரவில்லை. 1202இல் அவன் நிலங்கள் பறிமுதல் என்று தீர்ப்பானது. 1204இல் நார்மண்டி கைவிட்டுப் போனது. நார்மண்டிப் பிரபு வில்லியம் கடல் கடந்து இங்கிலாந்தை வென்ற நாளிலிருந்து இணைந்திருந்த இரு கரைகள் பிரிந்தன. காரணங்கள் பல உண்டு, வரலாற்றாசிரியர்கள் பட்டியல் போடுவார்கள். ஆனால் பிலிப்புக்குத் தேவைப்பட்ட சட்டபூர்வமான சாக்கைக் கையில் கொடுத்தது ஒரு நிச்சயதார்த்தத் தகராறுதான்.

கதை அங்கே நிற்கவில்லை. ஜான் 1216இல் இறந்தான். அவனுடைய சிறுமகள் ஜோன், பழைய மாப்பிள்ளையின் மகனான பத்தாம் ஹ்யூவுக்கு நிச்சயிக்கப்பட்டு லூசிஞானில் வளர்ந்துகொண்டிருந்தாள். விதவையாகி ஊர் திரும்பிய தாய் இசபெல்லா, 1220இல், மகளுக்குப் பேசிய மாப்பிள்ளையைத் தானே மணந்தாள்! அப்பாவுக்கு நிச்சயமானவளை மகன் கட்டினான் என்றும் இதைச் சொல்லலாம். சிறுமி ஜோன் அடுத்த ஆண்டு ஸ்காட்லாந்து அரசனுக்கு மனைவியானாள். ஒரு காலத்தில் இங்கிலாந்து அரசியாக இருந்தவளுக்கு ஒரு பிரபுவின் மனைவியாக வாழ்வது உறுத்தியது. 1241இல் புவாத்தியேவில் பிரெஞ்சு அரச குடும்பத்துப் பெண்கள் தன்னைக் கண்டு எழவில்லை என்ற கோபம் கணவனை ஒரு கலகத்துக்குள் தள்ளியது. மறு ஆண்டே ஒன்பதாம் லூயியிடம் ஹ்யூ மண்டியிட்டான். அரை நூற்றாண்டுக்கு மேல் இழுத்துப் பறித்துப் பார்த்த மூத்த கிளை, 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நேர் வாரிசின்றிப் பிரெஞ்சு அரசின் வயிற்றுக்குள் போனது.

இசபெல்லா பெற்ற லூசிஞான் பிள்ளைகளோ இங்கிலாந்து அரசன் மூன்றாம் ஹென்றிக்கு ஒரே தாய் வயிற்றுத் தம்பிகள். 1247இல் ஹென்றி அவர்களை அழைத்தான். ஒருவன் வின்செஸ்டருக்கு ஆயரானான். வலான்ஸ் வில்லியம் பெம்புரோக் நிலங்களின் வாரிசான ஜோனை மணந்தான். வந்தேறிகள் வாரிச் சுருட்டுகிறார்கள் என்று ஆங்கிலேயப் பிரபுக்கள் கொதித்தார்கள். 1258இல் அரசனின் அதிகாரத்தைக் கட்டிப்போட்ட ஆக்ஸ்போர்டு விதிகளுக்குப் பின்னால் இந்த வெறுப்புக்குப் பெரிய பங்கு உண்டு. தம்பிகள் நாட்டைவிட்டு ஓட வேண்டியிருந்தது. வில்லியம் பிறகு திரும்பி வந்தான். 1296இல் இறந்தவனின் கல்லறைச் சிலை லிமோஜ் நகரத்து வண்ணப் பூச்சுச் செம்புத் தகடுகளால் போர்த்தப்பட்டு வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் இன்றும் கிடக்கிறது. அந்த வேலைப்பாட்டில் இங்கிலாந்தில் மிஞ்சியிருக்கும் சிலை அது ஒன்றே. அவன் மகன் எமர் பிள்ளையில்லாமல் போனான். எமரின் விதவை மேரி 1347இல் கேம்பிரிட்ஜில் ஒரு கல்லூரி தொடங்கினாள். அதுதான் பெம்புரோக் கல்லூரி. கவிஞர்கள் ஸ்பென்சரும் தாமஸ் கிரேயும், பிரதமர் இளைய பிட்டும் படித்த இடம். கல்லூரியின் சின்னத்தில் ஒரு பாதியில் வெள்ளையும் நீலமுமாகப் பட்டைகள் ஓடும்: லூசிஞான் கேடயத்தின் பட்டைகள்.

சைப்ரஸுக்கு வருவோம். அங்கே இந்தக் குடும்பம் ஏறக்குறைய 300 ஆண்டு ஆண்டது. கறாராகப் பார்த்தால் 1267இலேயே ஆண்வழி அற்றுப்போய்விட்டது. அடுத்து வந்த மூன்றாம் ஹ்யூ, அந்தியோக்கு குடும்பத்துத் தந்தைக்கும் லூசிஞான் தாய்க்கும் பிறந்தவன். தாயின் குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டான். தீவு லூசிஞான் பெயரில் தொடர்ந்தது.

புகழுக்குப் போவதற்கு முன் அடித்தட்டைப் பார்க்க வேண்டும். தீவின் மக்கள் கிரேக்கர்கள், கிழக்கத்திய திருச்சபையினர். ஆண்டவர்கள் பிரெஞ்சு பேசிய லத்தீன் கத்தோலிக்கர்கள். நிலத்தோடு கட்டப்பட்ட குடியானவன் விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும், வாரத்தில் இரண்டு நாள் பிரபுவின் நிலத்தில் உழைக்க வேண்டும். இந்தச் சுமையைப் பிரெஞ்சுக்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை. பைசாந்தியர் விட்டுப்போனதைத் துடைத்துப் புதுப்பித்துக்கொண்டார்கள். கிரேக்க ஆயர்களின் எண்ணிக்கை பதினான்கிலிருந்து நான்காகக் குறைக்கப்பட்டது. அவர்களும் பெரிய நகரங்களிலிருந்து ஒதுக்கப்பட்டார்கள். நற்கருணை அப்பம் புளிக்க வைத்ததா, புளிக்காததா என்ற சர்ச்சையில் லத்தீன் வழக்கத்தை ஏற்க மறுத்த கந்தாரா மடத்துத் துறவிகள் பதின்மூன்று பேர் 1231இல் நிகோசியாவில் எரித்துக் கொல்லப்பட்டார்கள். லூசிஞான் காலத்தைப் பொற்காலம் என்று எழுதுகிற சுற்றுலாக் கையேடுகளில் இந்தத் துறவிகளைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

1291இல் ஆக்கர் வீழ்ந்தது. பாலஸ்தீனக் கரையில் சிலுவைப்போர் அரசுகள் முடிந்தன. அகதிகளும் வணிகர்களும் சைப்ரஸின் ஃபாமகுஸ்தா துறையில் வந்து இறங்கினார்கள். எகிப்தோடு நேரடி வியாபாரம் கூடாது என்று போப் தடை போட்டிருந்தார். கிழக்கத்திய சரக்கு இடையில் ஒரு துறையில் கைமாற வேண்டியிருந்தது. ஃபாமகுஸ்தாவுக்கு யோகம் அடித்தது. ஒரு வணிகர் மகளின் திருமணத் தலையணி பிரான்ஸ் அரசியின் நகைகள் எல்லாவற்றையும்விட உசத்தி என்று 14ஆம் நூற்றாண்டின் ஜெர்மானியப் பாதிரியார் ஒருவர் எழுதிவைத்தார். அந்தப் பணத்தில் எழுந்தது புனித நிக்கோலஸ் பேராலயம். ரான்ஸ் பேராலயத்தின் சாயலில் ஒரு முகப்பு, மத்தியதரைக் கடல் வெயிலில். அந்நாளில் அரசனாகிறவன் நிகோசியாவின் புனித சோஃபியாவில் சைப்ரஸ் அரசனாக முடிசூடிவிட்டு, இங்கே வந்து ஜெருசலேம் அரசனாக இன்னொரு முறை முடிசூடுவான். கையில் இல்லாத நாட்டுக்கு இத்தனை செலவில் ஒரு சடங்கு!

முதலாம் பீட்டர் அந்தச் சடங்கை மெய்யென்று நம்பியவன். மூன்றாண்டு ஐரோப்பாவெங்கும் சுற்றிப் படை திரட்டி, 1365 அக்டோபரில் அலெக்சாந்திரியாவைச் சூறையாடினான். ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்காமல் கொள்ளைப் பொருளோடு கப்பலேறினான். இசைஞர் மஷோ அதை நெடும்பாடலாக்கினார். 1369இல் சொந்தப் பிரபுக்களே அவனைப் படுக்கையறையில் வைத்துக் கொன்றார்கள்.

அவன் மகனின் முடிசூட்டு விழா 1372இல் ஃபாமகுஸ்தாவில் நடந்தது. அரசன் குதிரையின் வலப்பக்கக் கடிவாளத்தை வெனிஸ்காரர் பிடிப்பதா, ஜெனோவாக்காரர் பிடிப்பதா என்று தகராறு. விருந்தில் கைகலப்பாகி, ஆட்கள் சன்னல் வழியே வீசப்பட்டார்கள். மறு ஆண்டு ஜெனோவாவின் கப்பற்படை வந்தது. ஃபாமகுஸ்தா 90 ஆண்டுகள் அவர்களிடம் போய்விட்டது. கோயில் திருவிழாவில் முதல் மரியாதைக்காக வெட்டிக்கொண்ட ஊர்களை அறிந்த நமக்கு இது புதிதாகத் தோன்றாது. சில பத்தாண்டுகள் கழித்து அரசன் ஜானுஸ், அப்பா பிணைக்கைதியாக இருந்த ஜெனோவாவிலேயே பிறந்தவன், 1426இல் எகிப்தின் மம்லூக்குகளிடம் பிடிபட்டுக் கெய்ரோத் தெருக்களில் ஊர்வலமாக இழுத்துச் செல்லப்பட்டான். பிறகு சைப்ரஸ் கப்பம் கட்டும் தீவு.

கிலிக்கிய ஆர்மீனியாவில் ஒரு லூசிஞான் கிளை இதற்குள் வந்து போய்விட்டது, அதுவும் தாய்வழி உரிமையில்தான். கிலிக்கியாவின் கடைசி அரசன் ஐந்தாம் லெவோன் 1375இல் நாட்டை இழந்து 1393இல் பாரிசில் இறந்தான். பிரெஞ்சு அரசர்கள் உறங்கும் சாந்தெனி ஆலயத்தில் அவன் சிலையும் படுத்திருக்கிறது.

கடைசித் திருமணம் வெனிஸின் கைவேலை. மணமுறைக்கு வெளியே பிறந்த இரண்டாம் ஜேம்ஸ், தங்கை ஷார்லோத்திடமிருந்து மம்லூக் உதவியோடு அரியணையைப் பறித்தவன். அவனுக்கு வெனிஸ் தன் பிரபுக் குடும்பத்துப் பெண் கத்தரினா கொர்னாரோவைக் கொடுத்தது. 1472இல் மணமகள் வந்து இறங்கினாள். 1473இல் ஜேம்ஸ் இறந்தான். அதன் பிறகு பிறந்த குழந்தையும் ஓராண்டு முடிவதற்குள் போனது. அரியணையில் ஒரு வெனிஸ் பெண் தனியாக மிஞ்சினாள். 1489இல் அவளைக் கொண்டே தீவை வெனிஸுக்கு எழுதி வாங்கிக்கொண்டார்கள். பதிலுக்கு அசோலோ என்ற சிற்றூர் கிடைத்தது. மாப்பிள்ளையாகப் போய் நாடு பிடித்த குடும்பத்துக்கு மருமகள் வழியாகக் கணக்குத் தீர்ந்தது.

எஞ்சியது என்ன? அரசர்கள் பலர் புதைக்கப்பட்ட நிகோசியாவின் டொமினிக்கன் மடத்தை 1567இல் வெனிஸ்காரர்கள் இடித்தார்கள், துருக்கியரைத் தடுக்க நட்சத்திர வடிவில் புது மதில் கட்டுவதற்காக. மதில் துருக்கியரைத் தடுக்கவில்லை. 1570இல் நிகோசியா விழுந்தது. கல்லறைகள் போனதுதான் மிச்சம். பிரான்சில் லூசிஞான் கோட்டையை மதப்போர்களின்போது 1575இல் பிரெஞ்சு அரசின் ஆட்களே தகர்த்தார்கள். அந்த மேட்டில் இப்போது மரநிழல் நடைபாதை. சைப்ரஸின் இரு பேராலயங்களும் பிழைத்ததற்குத் துருக்கியருக்கு நன்றி சொல்ல வேண்டும். அவற்றை மசூதிகளாக்கித் தொழுகை நடத்தியதால் கூரை வேய்ந்து காத்தார்கள். செலிமியே, லாலா முஸ்தஃபா பாஷா என்ற பெயர்களில் இரண்டும் தொழுகையிடங்களாகவே இருக்கின்றன.

பட்டங்கள் கல்லைவிடக் கெட்டி. தோற்ற ஷார்லோத் 1485இல் தன் உரிமையைச் சவோய் குடும்பத்துக்கு எழுதிவைத்தாள். சவோய் பிரபுக்கள் இத்தாலியின் அரசர்களானார்கள்; 1946இல் முடியாட்சி ஒழியும்வரை சைப்ரஸ், ஜெருசலேம், ஆர்மீனியா மூன்றும் அவர்களின் பட்ட வரிசையில் இருந்தன. அதற்கு முன்பே ஜானுஸின் மகள் ஆன் சவோய்க்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். சைப்ரஸ் அரசவையின் பாடல் சுவடி ஒன்றும் தூரின் நகருக்குப் போய்ச் சேர்ந்தது. பெரும்பாலும் பிரெஞ்சில் சுமார் 200 பல்குரல் பாடல்கள், இயற்றியவர் பெயர் ஒன்றுகூட இல்லாமல். வேறு வகை வாரிசுகளும் முளைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டுப் பாரிசில் அம்புருவாஸ் கால்ஃபா என்ற ஆர்மீனியப் புலவர் தன்னை இளவரசர் கீ லூசிஞான் என்று அறிவித்துக்கொண்டார். மெலுசீன் பெயரில் ஒரு விருதுச் சங்கமே அந்த வீட்டிலிருந்து கிளம்பியது. அவர் தொகுத்த பிரெஞ்சு-ஆர்மீனிய அகராதி மட்டும் அசல் சரக்கு.

இப்போது ஃபாமகுஸ்தாவின் கடலோரக் கோட்டை. லூசிஞான்கள் கட்டி வெனிஸ்காரர்கள் திருத்தியது. ஷேக்ஸ்பியர் தயவில் ஒத்தெல்லோ கோபுரம் என்று பெயர். 1974இல் தீவு இரண்டாகப் பிளந்த பிறகு வடக்கே சிக்கிப் பல ஆண்டுகள் பராமரிப்பின்றிக் கிடந்தது. கிரேக்க சைப்ரஸ்காரர்களும் துருக்கிய சைப்ரஸ்காரர்களும் சேர்ந்த மரபுச் சின்னக் குழு அதைப் பழுதுபார்த்து 2015இல் திறந்துவிட்டது. பணம் ஐரோப்பிய ஒன்றியம் கொடுத்தது. இரு தரப்பும் ஒன்றாக உட்கார்ந்து பேச ஒப்புக்கொள்ளும் சில விஷயங்களில், இரு தரப்புக்கும் சொந்தமில்லாத ஒரு பிரெஞ்சுக் குடும்பம் விட்டுப்போன சுவரும் ஒன்று.